சந்தியாகோ தீவின் கடைசிப் பன்றி: முப்பதாண்டு வேட்டை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெகுதொலைவில் இருக்கும் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் வளர்ப்புப் பன்றிகள் காடேறிப் பெருகிவிட்டால், யார் வாயிலும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: வேட்டைக்குத் திறந்துவிடலாமே. வேட்டைப் பிரியர்கள் காசு கொடுத்து வருவார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு இறைச்சி கிடைக்கும், படகுக்காரருக்கும் வழிகாட்டிக்கும் பிழைப்பு நடக்கும், பன்றியும் குறையும். கேட்பதற்கு எல்லோருக்கும் லாபமான ஏற்பாடாகத் தெரிகிறது. பன்றி உண்மையிலேயே ஒழிந்த தீவு எது, அங்கே என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போதுதான் இதன் பலவீனம் புரிகிறது. பசிபிக் பெருங்கடலில், ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கலாபகோஸ் கூட்டத்துச் சந்தியாகோ தீவு அதற்குச் சரியான பாடம். அங்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 18,000-க்கும் மேற்பட்ட பன்றிகள் அகற்றப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் தீவு பன்றியற்றதானது. அதுவரை பன்றிகள் முற்றாக அகற்றப்பட்ட தீவுகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

சந்தியாகோவின் பரப்பு 58,465 ஹெக்டேர், ஏறக்குறைய 585 சதுர கிலோமீட்டர். நடுவில் 900 மீட்டருக்கு மேல் எழும் எரிமலை மேடு. மேட்டில் பனிமூட்டமும் ஈரமும், அடர்ந்த பசுமையும். கீழே இறங்க இறங்க முள்ளும் வறண்ட மரங்களும். கிழக்கே சல்லிவன் விரிகுடாப் பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை வெளி. நன்னீர் அரிது. குடியிருப்பு கிடையாது. இங்கே வேட்டைக்குப் போகிறவர் படகில் வந்து இறங்கி, குடிதண்ணீரையும் சுமந்துகொண்டு மேடேற வேண்டும்.

இத்தகைய தீவுக்குப் பன்றி தானாக வந்திருக்க முடியாது. கடற்கொள்ளையரும் திமிங்கல வேட்டைக் கப்பல்களும் தண்ணீருக்கும் ஆமை இறைச்சிக்கும் ஒதுங்கிய இடம் இது. வடமேற்குக் கரையில் ஒரு வளைகுடாவுக்கு இன்றும் கொள்ளையர் பெயர்தான் வழங்குகிறது. 1813-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் எசெக்ஸின் தலைவர் டேவிட் போர்ட்டர் மேய்ச்சலுக்காகக் கரையில் விட்ட ஆடுகள் ஒரு காலையில் தப்பிக் காட்டுக்குள் போய்விட்டன. பன்றிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கரையேறிவிட்டன. அன்றைய மாலுமிகளுக்கு இது வழக்கமான ஏற்பாடு. ஒரு தீவில் நாலு விலங்குகளை விட்டுவைத்தால் அடுத்த முறை வரும்போது புது இறைச்சி கிடைக்கும். வேட்டையாடுவதற்காகவே விலங்கை விட்டுவைக்கும் அந்தப் பழக்கத்தின் நேர் வாரிசுதான் இன்றைய வேட்டைச் சுற்றுலா யோசனை என்று நான் நினைக்கிறேன். இரண்டிலும் பன்றி அழிந்துவிடக் கூடாது என்பது சொல்லப்படாத நிபந்தனை.

1835 அக்டோபரில் சார்லஸ் டார்வின் இங்கே சில நாட்கள் தங்கினார். நில இகுவானாக்கள் தோண்டிய வளைகள் எங்கும் நிறைந்திருந்ததால் கூடாரம் அடிக்க இடம் தேடி அலைய வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அந்த இகுவானாக்களில் ஒன்றுகூடத் தீவில் இல்லை. மண்ணுக்குள் முட்டை புதைக்கும் பெரிய பல்லியின் இனத்தை இப்படித் துடைத்தெறிந்ததில் பன்றிக்குப் பெரும் பங்கு உண்டு.

பன்றி என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்த வேட்டை ஏன் தொடங்கியது என்பது விளங்கும். கலாபகோஸ் பேராமையின் பெண், வறண்ட தாழ்நிலத்துக்கு இறங்கி வந்து, பின்னங்கால்களால் மட்டும் குழி பறிக்கிறது. பல மணி நேரம் பிடிக்கும் வேலை. மண் இறுகியிருந்தால் தன் சிறுநீரைவிட்டு இளக்கிக்கொள்ளும். முட்டைகளை இட்டபின் அதே ஈர மண்ணைக் குழைத்துக் குழியின் வாயை மூடி, தன் அடிவயிற்று ஓட்டால் அழுத்திவிட்டுப் போகும். வெயிலில் அந்த மூடி காய்ந்து கல்லாகிவிடும். உள்ளே முட்டைகள் நாலு முதல் எட்டு மாதம் வரை கிடக்க வேண்டும். வெயிலையும் வறட்சியையும் தாங்குவதற்கு இந்த மூடி போதும். தோண்டித் தின்னும் பாலூட்டி எதையும் அந்த ஆமைகளின் பரம்பரை சந்தித்ததில்லை. பன்றி மூக்கைத் தரையில் வைத்து நடந்து வருகிறது, மூடி இருக்கும் இடத்தில் நிற்கிறது, ஒரு நெம்பு நெம்புகிறது. முட்டைகள் மிஞ்சுவதில்லை. தப்பிப் பொரிந்து வெளிவரும் உள்ளங்கை அளவுக் குஞ்சுகளையும் தின்றுவிடும். வளர்ந்த ஆமையைப் பன்றியால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மேட்டில் பெரிய ஆமைகள் மேய்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். குஞ்சுகள் மட்டும் வருடக்கணக்கில் வராது.

கடற்கரையிலும் இதே கதை. எஸ்புமில்யா கடற்கரையில் பச்சை ஆமைகள் இரவில் ஏறி மணலில் முட்டையிடுகின்றன. ஒரு பன்றி அந்த ருசியைக் கண்டுவிட்டால் முட்டையிடும் பருவம் முழுவதும் கரையைவிட்டு நகராது. மேட்டு ஈரநிலத்தில் வளைக்குள் கூடு வைக்கும் கலாபகோஸ் பெட்ரல் என்னும் கடற்பறவையும் அதன் மூக்குக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கலாபகோஸ் தேசியப் பூங்கா 1959-இல் அறிவிக்கப்பட்டது. அதன் நிர்வாகம் 1968-இல் செயல்படத் தொடங்கியது. பன்றி வேட்டை அதை ஒட்டித் தொடங்கியதுதான். காவலர்கள் நாய்களோடும் துப்பாக்கியோடும் படகில் வந்து இறங்கி, சில நாட்கள் சுட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஆமைகளைக் காப்பாற்ற இடைக்கால ஏற்பாடாகக் கூடுகளைச் சுற்றி எரிமலைக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். முட்டைகளை எடுத்துக் கலாபகோஸின் சாந்தா குரூஸ் தீவில் உள்ள சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்தில் பொரிக்க வைத்து, பன்றியிடம் சிக்காத அளவுக்கு வளர்த்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த வேலையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கற்சுவர்கள் இல்லாதிருந்தால் இன்று காப்பாற்ற ஆமை மிச்சமிருந்திருக்குமா என்பதே ஐயம்.

வேட்டை மட்டும் ஆண்டுகள் கடந்தும் முடிவை எட்டவில்லை. ஆயிரக்கணக்கில் சுட்டும் பன்றி இருந்துகொண்டே இருந்தது. இதற்கு வேட்டைக்காரர்களின் திறமைக் குறைவு காரணமில்லை. பெண் பன்றி ஒரு வயது நிறையும் முன்பே கருவுறும். கர்ப்பம் நாலு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. தீனி நிறைந்த ஆண்டில் கூட்டம் சட்டென்று நிரம்பிவிடும். ஆண்டுக்கு ஒரு பங்கைச் சுட்டுவிட்டுப் போனால், மிஞ்சியவற்றுக்குத் தீனி தாராளமாகிறது, குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன, அடுத்த ஆண்டு பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். வயலில் களையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பது போன்ற வேலை அது.

இன்னொன்றும் உண்டு. வேட்டைக்கு முதலில் மாட்டுவது ஏமாளிப் பன்றிகள், திறந்த வெளியில் மேய்கிறவை. சுட்டதில் தப்பியவை நாயின் குரலைக் கற்றுக்கொள்கின்றன. பகலில் வெளியே வருவதை நிறுத்துகின்றன. மனிதன் நுழையாத புதருக்குள் இடம் மாறுகின்றன. ஆகவே எண்ணிக்கை பாதியாகக் குறையும்போது உழைப்பு பாதியாகக் குறையாது, பல மடங்கு கூடும். முதல் வாரத்தில் பத்துப் பன்றி கிடைத்த இடத்தில், பின்னால் பத்து நாள் நடந்தும் ஒன்று கிடைக்காது. விளையாட்டுக்காகவோ இறைச்சிக்காகவோ வருகிறவர் இந்தக் கட்டத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வந்த காரியம் முடிந்துவிட்டது. தீவின் காரியம் அப்போதுதான் தொடங்குகிறது.

சந்தியாகோவில் 1990-களில் மாறியது இதுதான். விட்டு விட்டு நடந்த வேட்டை, இடைவிடாத பணியாயிற்று. முதலில் வழிகள் வெட்டினார்கள். புதரும் முள்ளும் மூடிய பகுதிகளுக்குள் புதிய ஒற்றையடிப் பாதைகள் போடப்பட்டன. பன்றி ஒளிந்துகொள்ளும் இடங்கள் வேட்டைக்காரர் எட்டக்கூடிய இடங்களாயின. கேட்பதற்குச் சாதாரண வேலை, அரிவாளும் வியர்வையும் மட்டும் வேண்டிய வேலை. முழுத் திட்டத்திலும் அதிகம் மதிக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. பாதை இருந்தால் அதில் விழும் காலடித் தடம், விட்டை, கிளறிய மண் எல்லாம் கண்ணில் படும். பன்றி எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் பாதைதான் சொல்லும்.

அடுத்தது நஞ்சு. ஆட்டிறைச்சியில் 1080 என்று அழைக்கப்படும் சோடியம் ஃபுளோரோஅசிடேட் வைத்துப் போட்டார்கள். துப்பாக்கிக்கும் நாய்க்கும் அகப்படாத பன்றி, இரவில் தனியாக வந்து அந்த இரையைத் தின்றது. வேட்டையும் நஞ்சும் ஒரே காலத்தில் சேர்ந்து நடந்ததுதான் பலன் தந்தது. ஒன்றுக்குத் தப்பும் பன்றி மற்றொன்றுக்கு விழுந்தது. இந்த நஞ்சு தரும் சாவு எளிதானதல்ல. விலங்கின் மீது இரக்கம் உள்ள எவருக்கும் இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் அரைகுறையாகச் சுட்டுச் சுட்டு, சுடச் சுடப் புதிய குட்டிகள் பிறந்து, அவற்றையும் சுட்டுக்கொண்டே இருந்ததில் மாண்ட உயிர்களின் கணக்கு மிகப் பெரியது. தொடக்கத்திலேயே முழு மூச்சாக முடித்திருந்தால் 18,000 என்ற எண்ணிக்கைக்குத் தேவையே இருந்திருக்காது. இரக்கத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் பாதி வேட்டைதான் கொடிய வேட்டை.

வேலையின் வரிசையும் யோசித்து முடிவு செய்யப்பட்டது. தீவில் ஆடுகளும் பெரும் கூட்டமாக இருந்தன. அவை செடிகொடிகளைத் தின்று வெளியாக்கி வைத்திருந்தன. ஆடுகளை முதலில் அகற்றியிருந்தால் புதர் அடர்ந்து, பன்றிக்கு ஒளிய இடம் பெருகியிருக்கும். எனவே பன்றி முதலில், ஆடு அடுத்து. 2000-இல் கடைசிப் பன்றி போனபின் உடனே வேலை நின்றுவிடவில்லை. தடயம் தேடுவதும் இரை வைத்துப் பார்ப்பதும் தொடர்ந்தன. ஒரே ஒரு கருவுற்ற பெண் பன்றி மிஞ்சியிருந்தால் முப்பது ஆண்டு உழைப்பும் வீண். இல்லை என்பதை நிறுவுவதற்கு, இருக்கிறது என்பதை நிறுவுவதைவிட நீண்ட பொறுமை வேண்டும்.

கடைசியில் மிஞ்சும் சிலவே அதிக உழைப்பைக் கேட்கும் என்பதை அடுத்து வந்த ஆட்டு வேட்டையின் கணக்கு துல்லியமாகக் காட்டுகிறது. சந்தியாகோவில் நாலரை ஆண்டுகளுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்டன. செலவு சுமார் 61 லட்சம் அமெரிக்க டாலர். அதில் கடைசி ஆயிரம் ஆடுகளுக்கு மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஆயிற்று. ஹெலிகாப்டர், பயிற்சி பெற்ற நாய்கள், கழுத்தில் ரேடியோ கட்டி மந்தையைக் காட்டிக்கொடுக்கவிட்ட ஆடுகள் என்று எல்லாம் இருந்தும் இதுதான் நிலை. முதல் 78,000 ஆடுகளை வேட்டைச் சுற்றுலாக்காரர்கள் வேண்டுமானால் காசு கொடுத்துச் சுடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி ஆயிரத்துக்குக் காசு யார் தருவது?

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 1980-களில் மேட்டில் அரிதாகக் கணக்கிடப்பட்ட கலாபகோஸ் கானாங்கோழி, 2004, 2005 ஆண்டுகளில் மீண்டும் எண்ணியபோது பல மடங்கு பெருகியிருந்தது. தரையோடு தரையாக ஒளிந்து நடக்கும் சின்னஞ்சிறு கரும்பறவை அது. பறப்பதில் நாட்டமில்லாதது. தரைச்செடி திரும்பி வந்தவுடன் அதுவும் திரும்பியது. 2019 ஜனவரியில் வடக்கு சேமூர் தீவிலிருந்து 1,400-க்கும் மேற்பட்ட நில இகுவானாக்களைக் கொண்டுவந்து சந்தியாகோவில் விட்டார்கள். பன்றி இருந்த காலத்தில் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆடு போய்ச் செடி அடர்ந்தபின், திறந்த வெளியில் இரை தேடிப் பழகிய கலாபகோஸ் பருந்துகளின் எண்ணிக்கை குறைந்தது. வெளியிலிருந்து வந்த முட்புதர்ச் செடி ஒன்றைக் கட்டுப்படுத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிளறப்பட்ட தீவு, பன்றி போன மறுநாளே பழையபடி ஆகிவிடாது.

சந்தியாகோவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தீவு கிளிப்பர்ட்டன். மெக்சிகோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான ஒரு பவளத் திட்டு. நிலப்பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர்கூட வராது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்த பன்றிகள் நண்டையும் கடற்பறவை முட்டையையும் தின்று வாழ்ந்தன. 1958-இல் ஆய்வுப் பயணமாக வந்த லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகப் பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர், சில நூறே எஞ்சியிருந்த பூபி பறவைகளின் நிலையைப் பார்த்துத் துப்பாக்கியை எடுத்தார். 58 பன்றிகள். கதை முடிந்தது. இன்று முகமூடிப் பூபி பறவையின் உலகிலேயே பெரிய குடியிருப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. நண்டுகளும் லட்சக்கணக்கில் பெருகித் தரைச்செடியை மேய்ந்து தீர்த்தன. பின்னாளில், 2000-ஐ ஒட்டி, கரைதட்டிய மீன்பிடிக் கப்பல்களிலிருந்து எலிகள் இறங்கி, அந்த நண்டுகளுக்குக் காலனாகிவிட்டன.

ஒளியக் காடு இல்லாத, நடந்தே சுற்றிவிடக்கூடிய திட்டு என்பதால் ஒரு மனிதர் அங்கே இதைச் செய்ய முடிந்தது. அவர் வேட்டையாடிய விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த முறை வருகிறவருக்கென்று அவர் ஒரு ஜோடியையும் விட்டுவைக்கவில்லை. அளவில் இவ்வளவு வேறுபட்ட சந்தியாகோவுக்கும் கிளிப்பர்ட்டனுக்கும் பொதுவானது அந்த நோக்கம் ஒன்றுதான்.

ஹவாய்த் தீவுகளின் நிலை வேறு. அங்கே பன்றி வேட்டை பல குடும்பங்களின் உணவும் மரபும் ஆகும். மலைக்காட்டுக்குள் நாயோடு போய் வருவது தகப்பன் மகனுக்குக் கற்றுத்தரும் வித்தை. அதை வெளியிலிருந்து ஒருவர் வந்து குற்றமாக்குவது அநியாயம். அதனால்தான் ஹவாய் எரிமலைத் தேசியப் பூங்காவில் வேலியடித்து, வேலிக்குள் ஒவ்வொரு பகுதியாகப் பன்றியை அகற்றி, அழிந்துவரும் செடிகளையும் பறவைகளையும் காக்கும் வழியைக் கைக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே வேட்டை தொடர்கிறது. மக்கள் வாழும் தீவுக்கு இது நேர்மையான ஏற்பாடு. குடியில்லாத் தீவில் ஹவாயை உதாரணம் காட்டி வேட்டை அனுமதி கேட்பது பொருந்தாது. குடியில்லாத் தீவில் காக்க வேண்டிய வேட்டை மரபு ஏதும் கிடையாது.

இன்று இந்தக் கேள்வி உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு. நாட்டின் கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர். பரப்பு 24 சதுர கிலோமீட்டர் மட்டுமே, சந்தியாகோவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 1793-இல் ராட்லர் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் கோல்நெட் ஓர் ஆண் பன்றியையும் ஒரு பெண் பன்றியையும் ஆடுகளையும் இங்கே விட்டுச் சென்றார். இரு நூற்றாண்டுக்குப் பிறகும் அவற்றின் வழித்தோன்றல்கள் சரிவுகளைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் மழை கொட்டும் செங்குத்துத் தீவில், பன்றி கிளறிய மண் நிற்காது. ஓடையாக இறங்கிக் கடலில் கலந்து, சுற்றியுள்ள பவளத்தின் மேல் படிகிறது. சுறாக்களைப் பார்ப்பதற்காக உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வந்து சேரும் அதே கடல் அது. 1978 முதல் தேசியப் பூங்கா, 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் கோகோஸ் எளிதாகத் தோன்றும். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவு வெப்பமண்டலத்தில் இல்லை என்றாலும் ஒப்பிடத் தக்கது. ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் தீவை வேலியால் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, 2005, 2006 ஆண்டுகளில் 5,000-க்கும் மேற்பட்ட பன்றிகளை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்தார்கள். கோகோஸ் அதில் பத்தில் ஒரு பங்குதான். இருந்தும் மேகக்காடு மூடிய செங்குத்துச் சரிவில் ஹெலிகாப்டரிலிருந்து எதுவும் தெரியாது, வேலி நிற்பதும் கடினம். சந்தியாகோ முறைதான் இங்கே பொருந்தும்: பாதை வெட்டுவது, நாய், நஞ்சு, விடாத கண்காணிப்பு. பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களைப் படகில் ஏற்றிவந்து இறக்குவது, தப்பிய பன்றிகளை இன்னும் விழிப்பாக்கிவிட்டுப் போவதில்தான் முடியும். பின்னால் வரும் உண்மையான பணிக்கு அது நேரடிக் கேடு.

வேட்டைக்கு வருமானம் கிடைக்கத் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடும். பன்றியால் பிழைக்கும் படகுக்காரரும் வழிகாட்டியும் பன்றி ஒழிவதை விரும்ப மாட்டார்கள். அது அவர்கள் குற்றமல்ல, ஏற்பாட்டின் குற்றம். அகற்றி முடித்த தீவுகளுக்கே வேண்டுமென்று ஆடுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட சம்பவங்கள் கலாபகோஸில் நடந்திருக்கின்றன. ஆகவே அந்த மக்களுக்கு வேலை தருவதாக இருந்தால் அகற்றும் பணியில்தான் தர வேண்டும். கலாபகோஸ் பூங்காக் காவலர்களில் பலர் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்தப் பாதைகளை வெட்டியவர்களும் நஞ்சிட்ட இரையைச் சுமந்தவர்களும் அவர்களே.

கோகோஸில் முதலில் தீர்க்க வேண்டியது வரிசை. பன்றியோடு அங்கே மானும் ஆடும் பூனையும் எலியும் இருக்கின்றன, எல்லாம் மனிதர் கொண்டுவந்தவை. சந்தியாகோவின் அனுபவத்தை ஏற்றால், மானையும் ஆட்டையும் தொடுவதற்கு முன் பன்றியை முடிக்க வேண்டும். அதற்கும் முன், கடைசிப் பன்றி செத்தபின் தடயம் தேடும் ஆண்டுகள் வரைக்குமான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் முதல் தோட்டாவைச் சுட வேண்டும்.